முப்பது டிகிரியை நம்பாதீர்கள்

காலையில் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, பிள்ளைங்க ரெண்டு பேரும் ஆஸ்திரேலியாவுல. குளுகுளுன்னு இருக்கிற ஊரு. வீட்டை வித்துட்டுப் போய்ச் சேராம இந்தத் திருத்தங்கல் வெயில்ல ஏன் வேகுறீங்க?"

மகனும் போனில் இதையேதான் கேட்கிறான். அவன் இருப்பது மெல்போர்னில், மகள் பிரிஸ்பேனில். இரண்டு ஊரிலும் கோடையும் பார்த்தேன், குளிரும் பார்த்தேன். அதனால் என் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். எங்களுக்கு வெயிலைவிட ஈரம்தான் எதிரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேப்பர் ஈரத்தைக் குடித்துச் சற்றே நீளும். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. காலண்டரில் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். மையும் சீக்கிரம் காயாது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேரூன்றியதற்கும், பின்னால் பட்டாசு வந்ததற்கும், நம் ஊரின் வறண்ட காற்று ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவு தெரிந்தும், மனுஷ உடம்பு விஷயத்தில் கோட்டை விட்டேன்.

ஒரு ஜனவரியில் பிரிஸ்பேனில் இருந்தோம். வெயில் 30 டிகிரி. "சித்திரையில் 38 பார்த்தவர்கள் நாம். இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று மகளிடம் சிரித்துவிட்டு, பகல் பதினொரு மணிக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினேன். தண்ணீர்ப் பாட்டில்கூட எடுக்கவில்லை. காற்று அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. வியர்வை வழிந்ததே தவிரக் காயவில்லை. "ஏங்க, கொஞ்சம் உக்காருவோமா?" என்றாள். "இதோ வந்துட்டோம்" என்றேன். அடுத்த நூறு அடியில் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டாள்.

நல்லவேளை, பெரிதாக ஒன்றும் இல்லை. உடம்பில் நீர் வற்றிவிட்டது, வயதானால் தாகம் சரியாகத் தெரியாது என்றார் டாக்டர். மகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வியர்வை வெளியே வந்தால் மட்டும் போதாது, அது காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் காயாது. பிரிஸ்பேன் கரையை ஒட்டி வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் தெற்கே போகிறது. கோடையில் அந்த ஈரம் ஊருக்குள் வந்துவிடும். ராத்திரியும் 21 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும். நம் சென்னைக்குத் தங்கச்சி மாதிரி.

மெல்போர்ன் வேறு ஜாதி. தெற்கே குளிர்ந்த கடல். கோடையிலும் சராசரியாகப் பகலில் 26, 27 டிகிரிதான். ஆனால் வடக்கே பாலைவனப் பக்கமிருந்து காற்று வீசினால் 40ஐத் தாண்டும். 2009 பிப்ரவரி 7ஆம் தேதி 46.4 டிகிரி வரை போயிருக்கிறது. அப்படி ஒரு 40 டிகிரி நாளில் மகன் வீட்டுத் திண்ணை நிழலில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். வறண்ட காற்று, வியர்வை உடனே காய்ந்தது. சாயங்காலம் காற்று தெற்கே திரும்பியதும் ஒரு மணி நேரத்தில் ஸ்வெட்டரைத் தேடினேன்.

அதற்காக மெல்போர்னைச் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். ஜூலையில் பகலிலேயே 14 டிகிரிதான். ஐந்தரைக்குள் இருட்டிவிடும். மனைவிக்கு மூட்டுவலி, ஹீட்டரை விட்டு நகர மாட்டாள். இத்தனைக்கும் அங்கே வருஷத்துக்கு சுமார் 650 மில்லிமீட்டர் மழைதான், நம் விருதுநகர் மாவட்டத்தைவிடக் குறைவு. நமக்கு ஐப்பசியில் கொட்டித் தீர்ப்பது, அவர்களுக்கு வருஷம் முழுக்கத் தூறுகிறது.

கெப்பன் என்ற அறிஞர் உலகத்தின் தட்பவெப்பத்தை வகை பிரித்திருக்கிறார். அதில் இந்த இரண்டு ஊருக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். வருஷத்தின் சூடான மாதத்தின் சராசரி 22 டிகிரியைத் தாண்டுகிறதா என்பதுதான் எல்லைக்கோடு. வெப்பத்தையும் மழையையும் வைத்த கணக்கு அது. காற்றின் ஈரம் நேரடியாக அதில் வராது. என் மனைவி சாய்ந்த இடம் அந்த விடுபட்ட இடம்தான்.

ஆகவே என் கட்சி இது. "நல்ல கிளைமேட் உள்ள ஊர்" என்று வருஷம் முழுக்க எதுவும் கிடையாது. நல்ல மாதங்கள்தான் உண்டு. போனில் வெப்பத்தைப் பார்த்தால் பக்கத்திலேயே மதிய நேரத்து ஈரப்பதத்தையும் பாருங்கள். எந்த வெயிலானாலும் தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள்.

வீட்டை விற்கப் போவதில்லை. சித்திரை, வைகாசிக்கு மெல்போர்ன். அப்போது அங்கே 17 முதல் 20 டிகிரி. ஜூன், ஜூலையில் பிரிஸ்பேன். மழை குறைந்த, வெயிலடிக்கும் குளிர்காலம். ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும்போது இங்கே இருந்தாக வேண்டும். மகனிடம் சொல்லிவிட்டேன். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: எந்த ஊரானாலும் தண்ணீர்ப் பாட்டிலை நான்தான் தூக்க வேண்டுமாம்.