வராதவரை யார் கூப்பிடுவது?

பேருந்தில் ஏறினாலே நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிற தோட்டத்து அக்காவுக்கு, சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஜெலுபு மாவட்டத்துக் கோலா கிளாவாங்கிலிருந்து புக்கிட் தங்கா மலைச்சாலை வளைவுகளைத் தாண்ட வேண்டும், அவர் போகமாட்டார். ஆறு மாதம் கழித்து, "இருதயம்தான் கோளாறு" என்று மறுபடியும் ஈ.சி.ஜி. எடுக்க வந்து நிற்பார். கோவாவின் மானஸ் ஆய்வைப் படித்ததிலிருந்து இதே யோசனைதான். 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தனியார் மருத்துவர்களிடமும் உட்காரவைத்தார்கள். படபடப்பு ஏன் வருகிறது என்று விளக்குவது, மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவது, தவணைக்கு வராதவருக்கு நினைவூட்டுவது அவர்கள் வேலை. அரசு நிலையங்களில் நல்ல பலன். தனியாரிடம் பெரிய வித்தியாசமில்லை. பயத்தோடு சர்க்கரையும் கடனும் வீட்டுக்காரரின் குடியும் சேர்ந்து வருகிறவரை, மாத்திரைச் சீட்டு மட்டும் கரையேற்றாது. நம் மனநல ஊழியர்களின் பயிற்சியில் இந்தத் தொடர் கவனிப்பு முதல் பாடமாக இருக்க வேண்டும்: முதல் வாரம் பேருந்து நிறுத்தம்வரை கூடப் போவது, அடுத்த வாரம் ஏறி ஒரே ஒரு நிறுத்தம். "ஏன்க்கா வரல?" என்று தமிழில் கேட்கத் தெரிந்தவருக்கு, அதற்கென்றே ஒரு பதவியும் சம்பளமும் ஜெலுபு மாவட்டத்தில் ஒதுக்கினால் போதும், தொடங்கிவிடலாம்.