அருஞ்சொல் யாருக்கு?

கல்கிசைப் பகுதியிலுள்ள பாடசாலையொன்றின் பத்தாந்தர வகுப்பிலே ஒரு முற்பகற் பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டிற்று. தமிழ்ப்பாட ஆசிரியை துணிவுள்ளவர். பாடநூலிலுள்ள துண்டுப் பகுதிகளோடு நின்றுவிடாது, முழு நாவல் ஒன்றையேனும் மாணாக்கர் வகுப்பில் வாசித்து முடிக்கவேண்டுமென விரும்பி, சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவலைத் தெரிவுசெய்திருந்தார். இத்தகைய தெரிவைச் செய்த ஒருவரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவருடைய கையைக் கட்டிப்போட்டிருக்கும் வழக்கமொன்றைப் பற்றியே எழுதுகின்றோம்.

வாசிப்புத் தொடங்குமுன் மாணவி ஒருத்தி எழுந்துவந்து, முதல்நாள் அகராதி பார்த்துத் தயாரித்த 'அருஞ்சொற் பொருள்' பட்டியலைக் கரும்பலகையில் எழுதினாள். பதினாறு சொற்கள். ஏனையோர் அவற்றைக் கொப்பியிற் பெயர்த்தெழுதினர். நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபது நிமிடம் அதிலேயே கழிந்தது. ஏழாவது சொல் 'லயம்'. அதன் எதிரே அவள் எழுதியிருந்த பொருள்: 'ஒன்றுதல், இசையின் சீர்'. ஆசிரியை புன்னகையோடு அதனை அழித்து, 'தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு' என்று திருத்தினார். மாணாக்கரும் வெட்டித் திருத்திக்கொண்டனர். வகுப்பு எட்டாவது சொல்லுக்குச் சென்றது.

பாடம் முடிந்தபின் கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவனுடன் பேச நேர்ந்தது. வெள்ளவத்தையிற் கடையொன்றில் வேலைசெய்யும் மாமனுடன் தங்கிப் படிக்கின்றான். தாயார் அட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கின்றார். அவன் பிறந்து வளர்ந்தது லயத்து அறையிலே. வகுப்பில் அதைச் சொல்லியிருக்கலாமே என்றோம். "யாரும் கேக்கலையே சார்" என்றான்.

கரும்பலகையில் முதலில் எழுதப்பட்டது பிழை. பின்னர் எழுதப்பட்டது சரி. ஆயின், அந்த மாணவனைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரும் வேறுபாடில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் இருமல், வேலை போனால் கூரையும் போகும் என்ற நியதி ஆகிய யாவும் அடங்கிய அச்சொல்லை அவ்வகுப்பிலே முற்றாக அறிந்தவன் அவன் ஒருவனே. சொல்லுக்குரியவன் வாய்மூடியிருக்க, அகராதியும் ஆசிரியையும் பொருள் கூறினர். இதனைச் சொல்வளப் பயிற்சி என்கிறோம்!

அருஞ்சொற் பட்டியலின் குலமுறை பழையது. திண்ணைப் பள்ளியிலே நிகண்டு மனனஞ் செய்த காலத்தின் எச்சம் அது. சூடாமணி நிகண்டின் பதினொராந் தொகுதியை, ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் அந்தப் பகுதியை, பிள்ளைகள் ஒப்புவித்தனர். அதற்காவது எதுகையும் ஓசையும் இருந்தன, நாவில் நின்றது. இன்றைய பட்டியலுக்கு அந்த நயமும் இல்லை. பரீட்சை முடிந்த மாலையிலே அது கொப்பியோடு பழைய கடதாசிக்காரனிடம் போய்விடுகிறது.

நாம் அகராதிக்குப் பகைவரல்லர். 1842-ஆம் ஆண்டிலேயே மானிப்பாயில் ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட தமிழ் அகராதியை அச்சிட்ட நாடு இது. 2008-இல் விரிவாக்கப்பெற்று வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஈழத்து வழக்குகளுக்கு உரிய இடமளித்திருப்பதையும் நன்றியோடு குறிப்பிடவேண்டும். எமது வினா வேறு. எந்தச் சொல் 'அரிய' சொல் என்று தீர்மானிப்பவர் யார்?

கொழும்பு வகுப்பறையொன்றை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, கொட்டாஞ்சேனையில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்துப் பிள்ளை, மலையகத்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, மட்டக்களப்புப் பிள்ளை ஆகியோர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருக்கின்றனர். யாழ்ப்பாண நாவலில் வரும் 'தவறணை' மலையகப் பிள்ளைக்கு விளங்காதிருக்கலாம். 'பெரட்டு' யாழ்ப்பாணப் பிள்ளைக்கு விளங்காது. தமிழகத்து நாவலில் 'நாற்காலி' வரும், வீட்டிலோ 'கதிரை'. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற கதிரையும் அலுமாரியும் சப்பாத்தும், ஒல்லாந்தர் தந்த கந்தோரும் இந்நாட்டு வரலாற்றின் சான்றுகளாக எமது நாவில் வாழ்கின்றன. ஆயினும், கட்டுரைக் கொப்பியிலே 'கதிரை' என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையால் வட்டமிடும் ஆசிரியர் இன்றும் உளர். 'வதனம்', 'நித்திலம்' முதலியன அருஞ்சொற்களாம், 'கவ்வாத்து' கொச்சையாம். முன்னவை பட்டியலில் ஏறுகின்றன. பின்னது, ஒரு தொழிலின் நுட்பம் முழுவதையும் தாங்கியிருந்தும், வாசிப்பில் விழுங்கப்படுகின்றது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். உழைக்கும் மக்களின் பேச்சு 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலராற் பழிக்கப்பட்டது. முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து நின்றனர். நாவலிலும் சிறுகதையிலும் அப்போராட்டம் வெற்றிபெற்றது. டானியலின் 'பஞ்சமர்' 1972-இல் வெளிவந்தபோது அதன் பேச்சுவழக்கிற்காக எவரும் மன்னிப்புக் கோரவேண்டியிருக்கவில்லை. ஆயின் வகுப்பறையை நாம் பண்டிதரிடமே விட்டுவிட்டோம். மேடையில் 'மக்கள் மொழி' என்று முழங்கிய ஆசிரியர்களே மறுநாட் காலை அருஞ்சொற் பட்டியல் எழுதினர். இதில் எம்மவர் குற்றமும் உண்டு.

இங்கே எழும் மறுப்பொன்றை அலட்சியஞ் செய்யலாகாது. "ஏழைப் பிள்ளைக்குத்தான் நியமத் தமிழ் மிக வேண்டும். வீட்டுச் சொல்லையே வகுப்பிலும் போற்றினால் அவன் வீட்டோடு நின்றுவிடுவான்; சுற்றறிக்கையும் வழக்குத் தீர்ப்பும் அவனுக்கு என்றும் விளங்கா." இது உண்மை. சார்டீனியத் தீவின் பேச்சுவழக்கிலே வளர்ந்த கிராம்சியும், வட்டார வழக்கொன்றையே அறிந்தவனின் உலகப் பார்வை குறுகிவிடும் என்பதைத் தமது சிறைக் குறிப்புகளில் வற்புறுத்தினார். நாம் நியமத் தமிழை விலக்கச் சொல்லவில்லை. அதற்குச் செல்லும் பாலம் பிள்ளையின் கரையிலிருந்தே தொடங்கவேண்டும் என்கிறோம்.

பிறேசில் நாட்டின் அங்கிக்கோஸ் என்னும் சிற்றூரில் 1963-ஆம் ஆண்டில் பாவுலோ பிறேயிரே செய்தது இதுவே. ஏறத்தாழ முந்நூறு தொழிலாளர் நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவு பெற்றனர். தொடக்கச் சொற்கள் அவர்களது வாழ்விலிருந்தே பொறுக்கியெடுக்கப்பட்டவை. செங்கல் என்ற சொல்லை எழுதப் பழகியவர்கள், அக்கல்லாற் கட்டப்படும் வீடு யாருக்கு என்றும் வினவினர். மறு ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் பிறேயிரே சிறையிலிடப்பட்டார். சொல்லகராதியின் வலிமையை ஆட்சியாளர் எம்மைவிட நன்கறிந்திருந்தனர் போலும்.

மறுபுறம், பட்டியலை வெறுத்து, "பிள்ளைகள் வாசிக்கட்டும், சொல் தானாக வரும்" என்போரும் உளர். இவர்கள் நல்ல மனம் படைத்தவர்கள். பெரும்பாலும் நூல் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்கள். ஒரு சொல்லை ஒருமுறை கண்டதால் அது வசப்படுவதில்லை. பலமுறை, பல சூழல்களிற் சந்திக்கவேண்டும். வீட்டில் இருநூறு நூல் உள்ள பிள்ளைக்கு அச்சந்திப்புகள் தாமாக நிகழும். கொட்டாஞ்சேனைத் தோட்டவீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறையே அதனை நிகழ்த்தவேண்டும். ஆகவே ஆசிரியரின் பணி குறையவில்லை.

அப்பணி எவ்வாறு அமையலாம்? அந்நாவலையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்திற் சங்கம் அமைக்க முனைந்த தொழிலாளி வெளியேற்றப்படும் கதை அது. பதினாறு சொற்கள் வேண்டா. தலைப்பு ஒன்றே முதல்நாட் பாடத்திற்குப் போதும். 'அறு' என்னும் வேர் கரும்பலகையின் நடுவே நிற்கட்டும். அறுத்தல், அறுவடை, அறுதி, அறவே, வேலையற்ற, வீடற்ற என்று பிள்ளைகள் தாமே கூறுவர். எவரேனும் ஒருவர் 'நாடற்றவர்' என்பார். கூறாவிடில் ஆசிரியர் கூறட்டும். நூலாசிரியர் 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர் என்பதும், மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களையே நாடற்றவராக்கியது என்பதும், எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் அவ்வேரின் கிளைகளாகவே வந்துவிடும். இலக்கணமும் வரலாறும் ஒரே பாடவேளைக்குள் அடங்கும். இதற்கு மேலதிகமாக ஒரு வெண்கட்டியும் தேவையில்லை.

இன்னொரு சொல், 'துண்டு'. தோளிற் போடுவது, சிறுபகுதி, கடதாசித் துண்டு என்று வகுப்பு கூறும். தோட்டத்திலே அச்சொல்லுக்கு ஒருகாலத்தில் வேறு பொருள் இருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளரை விடுவிப்பேன் எனத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. அடுத்த தோட்டத்துத் துரை பணங்கட்டுவார்; ஆட்களோடு கடனும் கைமாறும். 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இதனை ஆசிரியர் விரிவுரையாக ஆற்றவேண்டியதில்லை. முதியவர் இருக்கும் வீட்டுப் பிள்ளை ஒன்றிடம், வீட்டிற் கேட்டு வா என்றால் போதும். தான் கொண்டுவந்த சொல்லைப் பிள்ளை மறக்காது. இரு வாரம் கழித்து அச்சொல்லை இன்னோர் அத்தியாயத்திற் காணும்போது வகுப்பே திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்க்கும்.

இவை யாவும் பரீட்சைக்கு உதவுமா என்பர். சாதாரண தரத் 'தமிழ்மொழியும் இலக்கியமும்' வினாத்தாளிற் சொற்பொருள் கேட்கும்வரை காலி வீதியின் ரியூட்டரிகள் பட்டியல் விற்கத்தான் செய்யும். அவற்றைத் திட்டிப் பயனில்லை. வினா வகுப்போர், பொருள் தருக என்பதற்குப் பதிலாக, இச்சொல்லை இக்கதைமாந்தர் இவ்விடத்தில் ஏன் ஆண்டார் என்று ஒரு வினாவையேனும் கேட்கட்டும். ஒரே ஆண்டில் ரியூட்டரிகளும் மாறிவிடும். வணிகர் பரீட்சைத் தாளை எம்மைவிடக் கவனமாகப் படிப்பவர்கள்.

கல்கிசை ஆசிரியையிடம் இவற்றையெல்லாம் கூறினோம். பொறுமையோடு கேட்டார். பின்னர் அவர் கூறியது எமக்குச் சற்று நாணந் தந்தது: வகுப்பில் நாற்பது பேர், கையில் நாவற் பிரதி ஒன்று, அதனாலேயே பிள்ளைகள் கண்ணுக்கு ஏதேனும் ஒன்றைக் கரும்பலகையில் எழுதவேண்டியிருக்கின்றது. அடுத்த தவணையில் பெனடிக்ற் பாலனின் 'சொந்தக்காரன்' வாசிக்க எண்ணியிருக்கிறார். இம்முறை அருஞ்சொற்களைக் கடைசி வாங்கிலிருந்து கேட்டுத் தொடங்குவதாகவும் சொன்னார். 1968-இல் வெளிவந்த அந்நூலின் பிரதிகள் இப்போது கடைகளில் எளிதிற் கிடைப்பதில்லை. எம்மிடமும் எம் நண்பர்களிடமுமாக மூன்று உள்ளன. பழைய பிரதி வைத்திருக்கும் வாசகர்கள் ஒரு தவணைக்கு இரவல் தந்துதவினால், பிள்ளைகள் மூவருக்கு ஒன்றாகவேனும் கையில் வைத்து வாசிக்கலாம்.