"இயல்பைவிட அதிகம்"னு சொன்னா போதுமா? பழவேற்காட்டுல எத்தனை நாள் அடுப்பு எரியாதுன்னு யார் சொல்றது?



செப்டம்பர் கடைசியில இந்திய வானிலை ஆய்வு மையம் இந்த 2025 வடகிழக்குப் பருவமழைக்கான முன்னறிவிப்பை வெளியிட்டுச்சு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தென் தீபகற்பத்துல மழை நீண்டகால சராசரியில் 112 சதவீதத்துக்கு மேல இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லியிருக்காங்க. அன்னிக்கு சாயங்காலமே நம்ம குரூப்ல கார்டு கார்டா வந்து விழ ஆரம்பிச்சிடுச்சு. ஒண்ணுல பின்னாடி மின்னல் படம், இன்னொண்ணுல மூழ்கின பஸ் படம். அந்த பஸ் எந்த ஊர், எந்த வருஷம்னு போட்டவருக்கே தெரியாது. "தம்பி, நம்ம பக்கத்துக்கும் ஒரு கார்டு பண்ணிடு"ன்னு எனக்கும் போன் வந்துச்சு. கார்டு பண்ணலைண்ணே, ஒரு பதிவு எழுதித் தர்றேன்னு சொல்லிட்டேன். ஏன் பண்ணலைங்கறதை கீழே சொல்றேன்.

முதல்ல அந்த 112 சதவீதம்னா என்னன்னு பார்ப்போம். தென் தீபகற்பம்னு வானிலை மையம் சொல்றது தமிழ்நாடு மட்டும் இல்ல. கேரளா, கடலோர ஆந்திரா, ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகா, அதோட நாம. அஞ்சு பகுதிக்கும் சேர்த்து எடுத்த சராசரி ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். தமிழ்நாட்டுக்கு மட்டும் பார்த்தா 44 சென்டிமீட்டர். அனந்தபூர்ல பெய்யறதும் ஆலப்புழையில பெய்யறதும் பழவேற்காட்டுல பெய்யறதும் ஒரே கணக்குல போய் சேருது. அதுலயும் "அதிகமா பெய்யும்"னு அவங்க சொல்லல, "வாய்ப்பு அதிகம்"னுதான் சொல்லியிருக்காங்க. குறைவு, இயல்பு, அதிகம்னு மூணு பெட்டி வெச்சா, மூணாவது பெட்டியில கொஞ்சம் கூடுதல் கனம், அவ்வளவுதான். அந்த அறிவியல்ல தப்பு எதுவும் இல்ல. அதை "பழவேற்காட்டுக்கு வெள்ளம்"னு நாம மொழிபெயர்க்கறதுதான் தப்பு.

எங்க ஊருக்கு பருவமழைங்கறது 92 நாள் இல்ல, ஏழெட்டு நாள். போன வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி ஞாபகம் இருக்கா? மறுநாள் காலை 8.30 மணி வரைக்குமான 24 மணி நேரத்துல சோழவரத்துல 30 சென்டிமீட்டர், செங்குன்றத்துல 28, கத்திவாக்கத்துல 23. மாநிலத்துக்கு மூணு மாசத்துல பெய்ய வேண்டிய சராசரியில மூணுல ரெண்டு பங்கு சோழவரத்துல ஒரே நாள்ல கொட்டிடுச்சு.

ஆனா அந்த மழையைப் பத்தி ஊர் முழுக்க என்ன பேச்சு? "ரெட் அலர்ட் புஸ்வாணம்." வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நிறுத்தினது மீம் ஆச்சு. 16ஆம் தேதிக்கு ரெட் அலர்ட் குடுத்தாங்க, சென்னையில அன்னிக்கு பெருசா மழை இல்ல, அதனால வானிலை மையம் பொய்னு தீர்ப்பு எழுதிட்டாங்க. காற்றழுத்த தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்து 17ஆம் தேதி விடியக்காலைல சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துச்சு. சென்னைக்கு வடக்கேன்னா யாரு? நாங்கதான். சென்னைக்கு வரலைன்னா மழையே வரலைன்னு எழுதற ஊடகங்களுக்கு, பொன்னேரி தாலுகாவும் திருவள்ளூர் மாவட்டத்துலதான் இருக்குன்னு யாராச்சும் மேப் அனுப்பினா நல்லாருக்கும்.

சரி, நான் ஏன் கார்டு போடலைங்கற கதைக்கு வர்றேன்.

2024 செப்டம்பர்ல நான் ஒரு கார்டு போட்டேன். நான் என்ஜினியரிங் படிச்சவன், இங்கிலீஷ்ல நாலு பக்கம் படிச்சா எல்லாம் புரிஞ்சிட்ட மாதிரி ஒரு நினைப்பு. பசிபிக்ல லா நினா வரப்போகுது, லா நினா வருஷத்துல வடகிழக்குப் பருவமழை குறையும், ஆக இந்த வருஷம் மழை கம்மி. இதுதான் என் கண்டுபிடிப்பு. அடியில கட்சிக் கொடி, மேல தலைவர் படம் வெச்சு, "இந்த ஆண்டு மழை குறைவு, தண்ணீரை சேமிப்போம்"னு போட்டேன். நல்ல எண்ணத்துலதான் போட்டேன். நம்ம ஊர் குரூப் எல்லாத்துலயும் போச்சு.

அந்த வருஷம் வானிலை மையம் அதிகமா பெய்ய வாய்ப்புன்னுதான் சொல்லியிருந்தாங்க. நான் அதைப் படிச்சேன், படிச்சும் என் கணக்குதான் சரின்னு நினைச்சேன். கடைசியில மாநிலத்துல இயல்பைவிட ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கூடுதலா பெய்ஞ்சது.

எங்க தெருவுல ஒரு பெரியம்மா கருவாடு போடறவங்க. வழக்கமா புரட்டாசி முடியறப்பவே சரக்கைக் குறைச்சிடுவாங்க, வெயிலை நம்ப முடியாது. போன வருஷம் குறைக்கல. எட்டாயிரம் ரூபா வட்டிக்கு வாங்கி நெத்திலி எடுத்து மணல்ல காயப்போட்டாங்க. ரெட் அலர்ட் செய்தி வந்தப்ப பாதிதான் காய்ஞ்சிருந்துச்சு. அள்ளி தார்ப்பாய்க்குள்ள கட்டி வெச்சாங்க. பாதி காய்ஞ்ச நெத்திலியைக் கட்டி வெச்சா என்ன ஆகும்னு கடற்கரை ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. நாலாம் நாள் குழி தோண்டிப் புதைச்சாங்க. நான் அந்தப் பக்கம் போனப்ப திட்டக்கூட இல்ல. "நீ போட்டதைத்தாண்டா பேத்தி படிச்சுக் காட்டிச்சு. கட்சிக்காரங்க போட்டா விசாரிச்சுத்தான் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்"னாங்க.

இந்த வருஷமும் லா நினா பேச்சு ஓடுது, அதனால அதையும் சொல்லிடறேன். லா நினா வந்தா நம்ம பருவமழை குறையற பக்கம் சாயும்கறது உண்மை. எல் நினோ வந்தா கூடற பக்கம் சாயும். 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எல் நினோ வருஷத்துலதான் வந்துச்சு. ஆனா சாயறது வேற, விழறது வேற. 2021 லா நினா வருஷம்தான், தமிழ்நாட்டுல ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் மழை. 2016ல மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்கு மேல பற்றாக்குறை, குடிக்கத் தண்ணி இல்லாம லாரி பின்னாடி ஓடினோம். ஆனா அதே வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்து கூரையைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. பருவத்தோட மொத்தக் கணக்குல அது வறட்சி வருஷம். வீட்டு ஓட்டைப் பறிகொடுத்தவருக்கு அது புயல் வருஷம். மிக்ஜாம் தமிழ்நாட்டுல கரையைக்கூட கடக்கல. எங்க கரையை ஒட்டியே மேல போய் பாபட்லா பக்கம்தான் ஏறுச்சு. அது போற வழியில எங்களை என்ன பண்ணிச்சுன்னு இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும்.

அப்போ பழவேற்காட்டுக்கு முன்னறிவிப்புன்னா எதைச் சொல்லணும்?

எங்க ஊர்ல வெள்ளம் எங்க ஊர் மழையால மட்டும் வர்றதில்ல. ஆந்திராவுல பிச்சாட்டூர் அணை நிரம்பி ஆரணியாற்றுல திறந்துவிட்டா, அந்தத் தண்ணி ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியா வந்து பழவேற்காடு ஏரியிலதான் சேரும். ஊர்ல பளீர்னு வெயில் அடிச்சுட்டு இருக்கும், ஏரி ஏறும். ஏறின தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரம் திறந்திருக்கணும். முகத்துவாரம் மணல் அடைச்சிருந்தா தண்ணி திரும்பி குப்பங்களுக்குள்ளதான் வரும். படகும் வெளிய போக முடியாது, போனது உள்ள வர முடியாது. மேட்டுல தட்டி கவிழ்ந்து போன உசுருங்களைப் பத்தி இங்க எல்லா குப்பத்துலயும் ஒரு கதை இருக்கு. (தெற்கே துறைமுகங்கள் வந்த பிறகு மணல் வரத்து எப்படி மாறிச்சுங்கறது தனிப் பதிவுக்கான விஷயம், அதுக்குள்ள இப்ப போகல.)

அதனால எங்களுக்கு வேணுங்கற முன்னறிவிப்பு மூணு சேதி. பிச்சாட்டூர்ல எவ்வளவு தண்ணி, எப்ப திறப்பாங்க. முகத்துவாரத்துல இன்னிக்கு எவ்வளவு ஆழம். கடல்ல காத்தும் அலையும் எப்படி. மூணாவதை ஐதராபாத்ல இருக்கற இன்காய்ஸ் நிறுவனம் நல்லாவே குடுக்கறாங்க, அதைக் குறை சொல்ல மாட்டேன். முதல் ரெண்டும் எங்களுக்கு வாய்மொழியாத்தான் வந்து சேருது. அணை ஒரு மாநிலம், ஏரி ரெண்டு மாநிலம், முகத்துவாரம் ஒரு துறை, மீனவர் இன்னொரு துறை. எல்லாத்தையும் ஒரே பக்கத்துல சேர்த்து தினம் காலைல ஆறு மணிக்கு மாவட்ட நிர்வாகம் வெளியிட முடியாதா? பெரிய தொழில்நுட்பம் ஒண்ணும் வேண்டாம். என் மாதிரி ரெண்டு பசங்க ஒரு வாரத்துல செஞ்சு குடுத்துடுவோம். தகவலைத்தான் துறைங்க குடுக்கணும்.

அடுத்தது, "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." தமிழகக் கடலோரம், மன்னார் வளைகுடா, குமரிக்கடல், மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகம். இந்த வாசகம் எங்க ஊர் சின்னப் பசங்களுக்கே மனப்பாடம். எச்சரிக்கை சரியானதுதான், மதிக்கணும். வாடைக் காத்து ஏறி, வடக்கேருந்து தெக்கே வன்னி நீரோட்டம் இழுக்கறப்ப பைபர் படகுல போறது விளையாட்டு இல்ல. ஆனா அந்த எச்சரிக்கையை மதிச்சு வீட்ல உக்கார்ந்தவனோட அன்னிக்குக் கூலியை யார் குடுக்கறது? மீன்பிடி குறைஞ்ச காலத்துக்குன்னு அரசு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே தொகை தருது. எச்சரிக்கை அஞ்சு நாள் வந்தாலும் அதுதான், இருபத்தஞ்சு நாள் வந்தாலும் அதுதான். "இயல்பைவிட அதிகம்"னு முன்னாடியே அறிவிக்கத் தெரிஞ்ச நாட்டுல, எச்சரிக்கை நாளை எண்ணி நாளுக்கு இவ்வளவுன்னு குடுக்கத் தெரியாதா? யார் ஆட்சியில இருந்தாலும் இந்தக் கேள்வி இதுதான். நாளைக்கு நாம வந்தாலும் இதே பதிவை எடுத்து எங்கிட்ட காட்டுங்க.

இன்னொரு கூட்டத்தைப் பத்தி அந்த அறிவிப்புல ஒரு வரி கிடையாது. ஏரிக்குள்ள இடுப்பளவு தண்ணியில நின்னு கையால இறால் தடவற இருளர் பெண்கள். அவங்க கடலுக்குப் போறதில்ல, அதனால "கடலுக்குச் செல்ல வேண்டாம்"ங்கறது அவங்களுக்கு இல்ல. இடி மின்னல் அடிக்கறப்ப திறந்த ஏரி நடுவுல நிக்கறவங்களைவிட ஆபத்துல இருக்கறவங்க யாரு? பூநாரை பார்க்க ஜனவரியில வர்ற டூரிஸ்டுக்கு போர்டு இருக்கு. இவங்களுக்கு ஒரு மைக் அறிவிப்புகூட இல்ல.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. மழைக் கார்டு போடாதீங்கன்னு சொல்லல. போட்டா தேதி, நேரம், எந்த மாவட்டம், யார் சொன்னதுன்னு நாலும் இருக்கணும். கன மழைன்னா 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கன மழைன்னா 12 முதல் 20, அதி கன மழைன்னா 21க்கு மேல. இந்த வித்தியாசம் தெரியாம சிவப்புக் கலர் அடிக்காதீங்க. மூணு மாசக் கணிப்பை வெச்சு "நாளைக்கு வெள்ளம்"னு போடறது, நான் போன வருஷம் பண்ணின அதே வேலைதான், தலைகீழா. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077. கார்டுல தலைவர் படம் கொஞ்சம் சின்னதானாலும் பரவால்ல, இந்த ரெண்டு நம்பரும் பெருசா இருக்கட்டும். மேல இருக்கறவங்க என்னைத் திட்டினா திட்டட்டும்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு முகத்துவாரத்துக்குப் போறோம். ரெண்டு படகு பேசியாச்சு. கயிறுல ஈயக்குண்டு கட்டி பத்து இடத்துல ஆழம் அளந்து, போட்டோ எடுத்து, அந்தக் கணக்கோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாள்ல குடுக்கப் போறோம். லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் தோழர்கள் முடிஞ்சா வாங்க. கொடி வேண்டாம், தொப்பி எடுத்துட்டு வாங்க. பெரியம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, "நீ அளக்கறது சரியான்னு பாக்கணும்ல"னு.

– ஐடி விங் தன்னார்வலர், பழவேற்காடு

#பழவேற்காடு #வடகிழக்குப்பருவமழை #முகத்துவாரம்