வேலைப் பட்டியலிலிருந்து வாக்காளர் பட்டியலுக்கு

நீர்நிலைச் சீரமைப்பானாலும் காட்டுப் பாதுகாப்பானாலும், நம் துறையின் திட்ட அறிக்கைகளில் ‘பெண்கள் பங்கேற்பு’ என்றொரு பத்தி தவறாமல் இடம்பெறுகிறது. அதைப் பெரும்பாலும் நிரப்புவது கூலி நாள்களின் கணக்கு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் மொத்த வேலை நாள்களில் எண்பது சதவீதத்துக்கும் மேல் பெண்களுடையவையாக இருந்துவந்தன. கண்மாயைத் தூர்வாருவதும் வரத்துக்காலைச் செப்பனிடுவதும் கரைக்கு மண் சுமப்பதும் அவர்கள்தாம். அதே கண்மாயில் மடையை எப்போது திறப்பது, தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்தப் பயிருக்கு முன்னுரிமை என்று முடிவெடுக்கும்போதோ கதை மாறுகிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பாசன சங்கங்களில் வாக்கு ஆயக்கட்டின் நில உரிமையாளருக்கே. தமிழ்நாடு 1989இலும் நடுவண் அரசு 2005இலும் இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்தன. பட்டாக்களோ அந்த வேகத்தில் பெயர் மாறவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பொறுப்பில் இருந்தவை ஏறத்தாழ 14 சதவீதமே. உழைப்பவரை ஒதுக்கி வைத்து விதி வகுப்பது அநீதி என்பது ஒருபுறமிருக்க, அப்படி வகுத்த விதி வளத்தையும் காப்பதில்லை.

பெண்ணுக்கும் இயற்கைக்கும் பிறவிப் பந்தம் உண்டு என்ற நம்பிக்கை இந்த வாதத்துக்குத் தேவையில்லை. வேறு வழியில்லாதபோது பச்சை மரத்தை வெட்டும் பெண்ணும் உண்டு. இங்கே பேசுவது வேலைப் பிரிவினையைப் பற்றி. ஏர்மரத்துக்காக எப்போதாவது காட்டுக்குப் போகிறவரைவிட, விறகுக்கும் புல்லுக்கும் அடிக்கடி போகிறவருக்கு எந்தச் சரிவில் கன்றுகள் தழைக்கின்றன, எங்கே கருகுகின்றன என்பது முன்னதாகவே தெரிந்துவிடும். பொருளியலாளர் பினா அகர்வால் குஜராத்திலும் நேபாளத்திலும் சமூகக் காட்டுக் குழுக்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு வலுச் சேர்க்கின்றன. நிர்வாகக் குழுவில் பெண்கள் கூடுதலாக இருந்த இடங்களில் காட்டின் நிலையும் கூடுதலாக மேம்பட்டிருந்தது. நேபாளத்தில் பெண்கள் மட்டுமே நிர்வகித்த குழுக்களுக்குச் சிறிய, சீரழிந்த காடுகளே கிடைத்திருந்தன. ஆயினும் அங்கே மறுவளர்ச்சி மற்றவற்றை விஞ்சியது. பெண்களைக் கேளாமல் காட்டை அடைத்த ஊர்களில் அவர்கள் விறகுக்கு நடக்கும் தூரம் கூடியதையும், வேறு வழியின்றி விதியை மீறியதையும் அவர் முன்பே பதிவு செய்திருக்கிறார்.

மன்னார் வளைகுடாவிலும் இதே பாடம்தான். அங்கே 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துவந்த இராமநாதபுரம் கடலோரப் பெண்கள், கட்டுப்பாடு இறுகியதும் அத்துமீறுவோராகக் கருதப்பட்டார்கள். பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதி மிஞ்சினால்தான் பாசி மீண்டும் தழைக்கும் என்பது மூழ்கி எடுப்பவருக்குத் தெரியாததன்று. பின்னாளில் அவர்களே கூடிப் பேசி, மாதத்துக்கு 12 நாள் மட்டும் எடுப்பது என்று வரம்பு கட்டிக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்போருக்கு வழங்கப்படும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது. தங்கள் வருமானத்தைக் குறைக்கும் விதியைத் தாங்களே வகுத்துக்கொள்ள அவர்கள் முன்வந்தார்கள் என்பதைத் தடையை மட்டுமே நம்பும் நிர்வாகம் கவனிக்க வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. பெண்ணுக்கு இடம் ஒதுக்கினால் கணவரே வந்து நடத்துவார் என்பது முதலாவது. ஒன்றிரண்டு பெண்களை மட்டும் உட்கார வைக்கும் குழுவில் அப்படி நடப்பது உண்மைதான். உறுப்பினரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெண்கள் இருக்கும்போது அவர்கள் வாய்திறந்து பேசுவது கூடுகிறது என்பதும் அகர்வாலின் ஆய்வு முடிவே; அதனால் எண்ணிக்கையைக் கூட்டுவதே தீர்வு. நிலமில்லாதவர் கண்மாய்க்கு என்ன செலுத்துகிறார் என்பது அடுத்த கேள்வி. கால்நடைக்கும் துணி துவைக்கவும் கிணற்றின் ஊற்றுக்கும் அதே கண்மாயை நம்பியிருப்பவருக்கு அதில் பங்குண்டு. தூர்வாரிய உழைப்பைச் செலுத்தியதாகக் கொள்ளாத கணக்குதான் குறையுடையது. ஏற்கெனவே வீட்டுவேலையும் கூலிவேலையும் பார்ப்பவர் தலையில் கூட்டங்களையும் ஏற்றுவதா என்ற கவலை இவற்றைவிடக் கனமானது. அதற்குத் தீர்வு கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் மாற்றுவதும், குழுப்பணிக்கு ஊதியம் தருவதும்தான், வாக்கை மறுப்பதன்று.

முன்மாதிரி நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மணமானவர்களுக்கான உரிமைப் பட்டத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கச் சொல்கிறது. அதன் 2012ஆம் ஆண்டுத் திருத்த விதிகள், கிராம சபைக்கு வந்திருப்போரில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன. பாசன சங்கங்களுக்கும் இதைக் கொண்டுவரச் சட்டத் திருத்தம் தேவை. அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாம் அமைக்கும் திட்டக் குழுக்களில் பட்டாவை வைத்து உறுப்பினரைச் சேர்க்காமல், வளத்தைப் பயன்படுத்துவோர் அனைவரையும் சேர்க்கலாம். அறிக்கையில் கூலி நாள்களுக்குப் பக்கத்தில், பெண்கள் முன்மொழிந்து நிறைவேறிய விதிகள் எத்தனை என்றும் எழுதலாம். அந்த இடம் காலியாக இருந்தால், பங்கேற்பு நடந்ததாகக் கையெழுத்திட வேண்டாம்.