வாசித்த பின்னரே கையெழுத்து

சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து வாங்குபவர் பலர். ஆனால், முப்பது ஆண்டுகள் வங்கிக் கடன் செலுத்தி வாங்கும் வீட்டின் ஒப்பந்தத்தை அவர்களுள் எத்தனை பேர் புரட்டிப் பார்க்கின்றனர்? "எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேனாவை எடுப்பவர்களே மிகுதி. இப்பழக்கம் மாற வேண்டும். ஒப்பந்தத்தை வாசிக்காமல் வீடோ நிலமோ வாங்குவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதற்கு ஒப்பாகும்.

மலேசியத் தமிழர்களுக்கு இது புதிய பாடம் அன்று. தோட்டங்களில் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகள் அவர்களுக்குச் சொந்தமானவை அல்ல. அவை வேலையோடு பிணைக்கப்பட்டவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பலர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். அவர்கள் எத்தனை ஆண்டுகள் உழைத்திருந்தாலும், வீட்டின்மீது உரிமை கோருவதற்கு அவர்கள் கையில் எந்த ஆவணமும் இருக்கவில்லை. இந்நிலையை மாற்றும் நோக்கில்தான் 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் தங்கள் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினர். உழைப்பால் மட்டும் உரிமை கிடைத்துவிடாது, அது ஆவணத்திலும் இடம்பெற வேண்டும் என்பதை அந்த வரலாறு உணர்த்துகிறது.

இன்று வீடு வாங்குவோரைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் மேம்பாட்டாளரிடமிருந்து புதிய வீடு வாங்குவோருக்கு, 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட ஒப்பந்தப் படிவம் உண்டு. அதன்படி, நிலத்தோடு கூடிய வீட்டை 24 மாதங்களிலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதங்களிலும் மேம்பாட்டாளர் ஒப்படைக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. தாமதமானால், வீட்டின் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் அவர் இழப்பீடு தர வேண்டும். 300,000 ரிங்கிட் மதிப்புள்ள வீட்டுக்கு இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 82 ரிங்கிட் ஆகும்.

"ஒப்பந்தத்தைச் சட்டமே எழுதிவிட்டது, அதை வாசித்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். சட்டம் உரிமையைத் தருகிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டியவர் வாங்கியவரே. சாவியைப் பெற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் சுவரில் விரிசலோ கூரையில் ஒழுக்கோ தென்பட்டால், மேம்பாட்டாளர் அதைத் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்கு வாங்கியவர் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 30 நாள்களுக்குள் பழுது நீக்கப்பட வேண்டும். வாய்மொழியாகக் குறை கூறிவிட்டு மூன்றாவது ஆண்டில் கடிதம் எழுதுபவருக்கு அந்த விதி கைகொடுக்காது. வழக்கறிஞர் இன்றியே முறையிடக்கூடிய வீடு வாங்குவோர் நடுவர் மன்றமும் இருக்கிறது. ஆனால், அங்கும் காலவரையறை உண்டு. தெரியாத உரிமை, பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பணத்தைப் போன்றது.

2019ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று இதற்குச் சான்றாகும். அடுக்குமாடி வீடுகளை ஒப்படைப்பதற்கான 36 மாதக் காலம், அரசுத் தரப்பின் அனுமதியுடன் 48 மாதங்களாக நீட்டிக்கப்பட்டிருந்தது. வாங்கியவர்கள் அதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். அவ்வாறு நீட்டிக்க அதிகாரிக்கு இடமளித்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தங்கள் ஒப்பந்தத்தில் 36 மாதங்கள் என்று இருப்பதை அறிந்திருந்தவர்களால்தான் இவ்வழக்கைத் தொடுக்க முடிந்தது.

"வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்" என்பது மற்றொரு வாதம். மேம்பாட்டாளர் அமர்த்தும் வழக்கறிஞர் மேம்பாட்டாளரின் நலனையே காப்பார். வாங்குபவர் தமக்கென ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வது நல்லது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறியவும் ஒப்பந்தத்தை வாசித்திருக்க வேண்டும்.

முதலீட்டுக்காக வீடு வாங்குவோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். "மாத வாடகை உறுதி" என்று விளம்பரத் தாள் கூறலாம். அந்த உறுதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா? வாடகையைத் தரப்போவது யார், எத்தனை ஆண்டுகளுக்கு, தராவிட்டால் என்ன வழி? இவ்வினாக்களுக்கு விடை இல்லையெனில், அது வெறும் பேச்சே. பழைய வீட்டை அதன் உரிமையாளரிடமிருந்து வாங்கும்போதும், வீட்டை வாடகைக்கு விடும்போதும், மேற்கூறிய ஒப்பந்தப் படிவம் துணைக்கு வராது. அங்கே இரு தரப்பினரும் எழுதிக்கொள்வதே விதி. முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும், பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்பவற்றை முன்கூட்டியே எழுத வேண்டும்.

ஒப்பந்தங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் பெற்றோரும் தாத்தா பாட்டியும் தயங்கலாம். இங்குதான் மாணவர்களின் பங்கு தொடங்குகிறது. இந்நாட்டில் 18 வயது நிரம்பியவரே ஒப்பந்தம் செய்ய முடியும். கையெழுத்திட வயது வரம்பு உண்டு. வாசிக்க வயது வரம்பு இல்லை. பள்ளியில் மும்மொழி கற்கும் மாணவர், விலை, தவணை, ஒப்படைக்கும் நாள், தாமத இழப்பீடு ஆகிய நான்கையும் தேடிப் பார்த்து, குடும்பத்தினருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லலாம். புரியாத வரியை அடிக்கோடிட்டு, "இதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்" என்றும் கூறலாம்.

பதறாத காரியம் சிதறாது என்பர். "இன்றே கையெழுத்திட்டால்தான் இந்த விலை" என்று விற்பவர் அவசரப்படுத்தினாலும், வாங்குபவர் அவசரப்பட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று வாசிக்க ஒரு நாள் கேட்பதில் தவறில்லை. அந்த ஒரு நாள், முப்பது ஆண்டு உழைப்பைக் காக்கும்.