தூண்டில் வளைவில் ஒரு காங்லோமரேட் சோதனை

ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவுகளாகக் கொட்டிய கருங்கற்களில் சார்னோகைட்டை அடையாளம் காண நமக்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை. 1893இல் தாமஸ் ஹாலண்ட் பெயர் சூட்டிய, பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை. தொல்காந்தவியலார் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. குவாரியில் எந்தத் திசை நோக்கி நின்றதென்று தெரியாத கல், எந்தக் கண்டத்தையும் எங்கும் நிறுத்தாது. நியாயந்தான். ஆனாலும் திசை குலைந்த கல்லுக்கும் வேலை உண்டு.

ஜான் கிரஹாம் 1949இல் முன்வைத்த காங்லோமரேட் சோதனையை நினையுங்கள். உருண்டு வந்த கற்களின் காந்தத் திசைகள் சிதறியிருந்தால் உருளுமுன் பதிந்த காந்தம் நிலைத்திருக்கிறது. ஒரே பக்கம் பார்த்தால் அது பின்னால் ஏறியது. தூண்டில் வளைவும் ஒரு காங்லோமரேட்தான், லாரி கொட்டியது. கொட்டிய ஆண்டை அரசுக் கோப்புகளில் தேடலாம். காந்த நடுக்கோடு நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்வதால் சென்னையில் இன்றைய புலம் ஏறக்குறையக் கிடையாக வடக்கு நோக்குகிறது. பருமனான மேக்னடைட் மணிகள் சில பத்தாண்டுகளில் எவ்வளவு புதுக் காந்தம் ஏற்றன, எத்தனை மில்லிடெஸ்லாவில் அது கழல்கிறது என்று இங்கேயே அளக்கலாம். புயலில் புரண்ட கல்லை ஒதுக்குங்கள். கிடப்பைச் சூரியத் திசைகாட்டியால் குறியுங்கள். கிரேனும் கன்டெய்னரும் சூழ்ந்த இடத்தில் ஊசியை நம்ப முடியாது. அனுமதி பெற்று, குப்பத்தாரிடமும் சொல்லிவிட்டுத் துளையிடுங்கள். அவர்கள் வீட்டைக் காக்கும் கல் அது.

இந்தப் பயிற்சி கண்ட மோதல்களுக்கு எதற்கு? 1956இல் கிளெக் குழுவினர் தக்காணப் பாறைகள் தென்கோளத்தில் உறைந்தவை என்று காட்டியபோது, குழம்பு குளிர்ந்த காலமும் காந்தம் பதிந்த காலமும் ஒன்றே. பாலக்காடு–காவிரி மண்டலத்தில் அந்த வசதி இல்லை. கோண்டுவானா திரண்டபோது, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே நிலத்துண்டுகள் மோதின என்பது ஒரு தரப்பு. இணைப்பு அதைவிட மிகப் பழையது என்பது மறுதரப்பு. மோதலுக்கு முன் இரு பக்கமும் எந்த அகலாங்கில் இருந்தன என்பதே கேள்வி. மேக்னடைட்டோ 580 பாகை செல்சியஸில் பழைய பதிவை இழந்துவிடும்; கிரானுலைட் உருமாற்றம் அந்த வெப்பத்தைத் தாண்டியது. ஆக, கையில் கிடைப்பது குளிர்ந்த காலத்துக் காந்தம், அதுவும் பின்னால் எதுவும் ஏறாதிருந்தால். அதன்மேல் சிர்கான் வயதை ஒட்டிக் கண்டங்களை நகர்த்தும் கட்டுரைகள் இன்னமும் வந்தபடி இருக்கின்றன.

இனி இந்த இதழில் களச் சோதனையும் காந்தத்தின் வயதுக்குத் தனிச் சான்றும் இல்லாத தொல்காந்தத் துருவங்களை நடுவருக்கு அனுப்பமாட்டோம். கடற்கரைக் கற்களின் அளவீடுகளைக் குறுங்கட்டுரையாக வெளியிடுவோம், எல்லாக் கல்லும் வடக்கையே பார்த்தாலும்.