டெட்ரிஸில் கீரவாணி இருக்கிறது, மாஸ்டர்!

சித்தி பையன் ஏழாவது படிக்கிறான். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வீடு. சித்தப்பாவுக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ஓ.டி. பார்த்த காசில் ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்து, கிளாஸிலும் சேர்த்துவிட்டார். மூன்று மாதம் ஒழுங்காகப் போனான். ஒருநாள் டெட்ரிஸ் கேம் டியூனை, யாரும் சொல்லித் தராமல் தானே தட்டித் தடவிக் கண்டுபிடித்து, ஆசையாக வாசித்துக் காட்டியிருக்கிறான்.

"இந்த கேம் சத்தமெல்லாம் வெளியில வச்சுக்கோ. இங்க சங்கீதம் மட்டும்தான்" என்றாராம் மாஸ்டர். அவ்வளவுதான். கீபோர்டு இப்போது பெட்ஷீட் சுற்றி பீரோ மேல் கிடக்கிறது.

கோபப்படுவது அப்புறம் இருக்கட்டும். அந்தச் 'சத்தம்' என்ன என்று முதலில் பார்ப்போம்.

1989-ல் கேம்பாயில் வந்த டெட்ரிஸின் பிரபலமான டியூன், 'கொரோபெய்னிகி' என்ற ரஷ்யப் பாட்டு. அதை ஏ மைனரில் வாசித்துப் பாருங்கள். 'ஏ'தான் ஸட்ஜம். முதல் பகுதியின் மெட்டில் வருவது கைசிகி நிஷாதம். சுரங்களை வரிசையாக அடுக்கினால் 20-வது மேளம், நடபைரவி. இரண்டாம் பகுதியில் அதே நிஷாதம் அரைப்படி மேலே ஏறிக் காகலி ஆகிறது. இப்போது 21-வது மேளம், கீரவாணி! மேற்கத்தியப் பாடத்தில் இவையே நேச்சுரல் மைனரும் ஹார்மோனிக் மைனரும். கரும்பலகையில் அரைமணி நேரம் எழுதிப் புரியவைக்க வேண்டியதை, பையன் விரலிலேயே வைத்துக்கொண்டு வந்து நின்றான். "நீ இப்ப ஒரு கட்டையை மாத்தினியே, அது ஏன் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அனிமே பாட்டு கேட்கிற பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. ஜப்பானில் 'யோனாநுகி' என்று ஒரு ஸ்கேல் உண்டு. நாலும் ஏழும் நீக்கியது என்று அர்த்தம். மேஜர் ஸ்கேலில் நாலாவதையும் ஏழாவதையும், அதாவது ம, நி இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஸ ரி க ப த. நம்ம மோகனத்தின் அதே ஐந்து சுரம்! "உனக்குப் பிடித்த அனிமே பாட்டில் ம, நி எங்கே வருகிறது, கண்டுபிடித்து வா" என்று வீட்டுப்பாடம் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பிள்ளை செய்யாமல் வரும்?

"இதெல்லாம் சம்பிரதாயம் இல்லையே" என்பார்கள். எது சம்பிரதாயம்? முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார். 'நோட்டுஸ்வரம்' என்று சுமார் நாற்பது இருக்கின்றன. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டுகூட அதில் 'சந்ததம் பாஹிமாம்' ஆகியிருக்கிறது. இன்றைக்குக் குழந்தைகளுக்குச் சங்கராபரணம் பழக்க அதே உருப்படிகளைத்தான் பாடவைக்கிறார்கள். மும்மூர்த்திகளில் ஒருவருக்கு பேண்டு வாத்தியம் தீட்டு இல்லை. நமக்கு கேம்பாய் மட்டும் தீட்டா?

இன்னொருவர் புரந்தரதாசர். மாயாமாளவகௌளையில் ஆரம்பப் பாடத்தை வகுத்தவர் என்று எல்லா கிளாஸிலும் கும்பிடுகிறோம். அவர் பாடியது சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற கன்னடத்தில். கன்னடமும் தெலுங்கும் தெருவிலேயே கேட்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குக் கூட்டிப்போவதுதான் பாடம்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். டெட்ரிஸ் வாசித்தால் கீரவாணி ராகம் வந்துவிடாது. மேளம் வேறு, ராகம் வேறு. கமகத்தை எந்த கேமும் சொல்லித் தராது, குரு பக்கத்தில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும். சரி. ஆனால் ஸரளி வரிசையை மட்டும் வாசித்தாலும் கமகம் வராதே மாஸ்டர்! வாசலைத் தாண்டாதவன் கூடத்துக்கு எப்படி வருவான்?

'எனக்குப் பிடித்தது சங்கீதம் இல்லை' என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால், அப்புறம் அவன் எந்தச் சங்கீதத்துக்கும் காது கொடுக்கமாட்டான். நஷ்டம் அவனுக்கு மட்டுமல்ல.

வரும் ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்த அரைகுறையை வைத்து அந்த இரண்டு நிஷாதத்தையும் அவனுக்குக் காட்டப்போகிறேன். முதல் வேலை, அந்த பெட்ஷீட்டைப் பிரிப்பது.